தேயிலை மலையில் திரிந்த பூனையை வீட்டுக்குள் பழக்குவது எப்படி

கழித்ததை மண் தள்ளி மூட வேண்டும் என்று பூனைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் புத்தி அதற்குப் பிறவியிலேயே உண்டு. நமக்கு இருக்கும் வேலை, அது தோண்டுவதற்கு வீட்டுக்குள் ஓர் இடத்தைக் காட்டி, அந்த இடத்தை அதற்குப் பிடித்த மாதிரி வைத்திருப்பதுதான். நான் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்துசேர்ந்த பூனைகள் பலவற்றை இப்படித்தான் வீட்டுப் பூனைகளாக்கினேன். இப்போது இருப்பவள் பெயர் பொட்டு, நெற்றியில் கறுப்புப் புள்ளி உள்ள மூன்று நிறப் பூனை. "இரண்டு காம்பரா வீட்டில் பூனையை எப்படி டீச்சர் உள்ளேயே வைத்திருப்பது?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைத்திருக்கலாம்.

மலை முழுவதும் கிடக்கும்போது ஏன் அடைக்க வேண்டும் என்று என் மாமியும் கேட்டார். தேயிலைக்குள் இரவில் சிறுத்தை நடமாடுகிறது. லயத்து நாயைத் தூக்கும் சிறுத்தைக்குப் பூனை பெரிய விஷயமில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தையே மாட்டிச் சாகிறது, பூனை எப்படித் தப்பும்? புல்லுக்கு மருந்து அடித்த மலையில் நடந்துவிட்டு வந்து தன் காலைத் தானே நக்குகிறது, அதுவும் உள்ளே போகிறது. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே திரியும் பூனை, மடுவத்தில் பிள்ளைகள் விளையாடும் மணலைத்தான் தேடிவந்து தோண்டும். அதிலிருந்து புழு முட்டைகள் பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். பூனை உள்ளே இருந்தால் அதற்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

முதலில் சிநேகம் பிடிக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள். வைத்துவிட்டு விலகி, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நேராக முறைத்துப் பார்த்தால் பூனைக்கு அது சண்டைக்கு அழைப்பது. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அமைதியாகும். கிட்டே வந்து காலில் உரசும் பூனை எப்போதோ ஒரு வீட்டில் இருந்த பூனையாக இருக்கலாம், அது சீக்கிரம் பழகும். மனிதக் கை படாமலே வளர்ந்த பெரிய பூனை சில வேளை கடைசிவரை மடிக்கு வராது. அப்படிப்பட்டதைக் கட்டாயப்படுத்தி உள்ளே அடைப்பதை நான் ஏற்கமாட்டேன். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு பெட்டியும் சாப்பாடும் வைப்பதே அதற்குச் செய்யும் நல்லது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளோ மிகவும் எளிதாகப் பழகிவிடும்.

பிடிக்கும்போது கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் வைத்து ஒரு பக்கம் கம்பியால் கட்டினால் நல்ல கூண்டு. அதற்குள் சில நாள் சாப்பாடு வைத்துப் பழக்கி, ஒரு நாள் மூடுங்கள். மேலே ஒரு சாக்கைப் போட்டு இருட்டாக்கினால் கத்துவது குறையும்.

கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைக்கும் விசர்நோய் (ரேபிஸ்) வரும். அரச ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். சின்னக் காயம்தானே என்று விடக் கூடாது, பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் காட்டிவிடுவது நல்லது. புழு மருந்தைப் பூனையின் எடைக்குத் தக்கபடி அவர் தருவார். மூன்று மாதம் கடந்திருந்தால் விசர்நோய்த் தடுப்பூசியும் போடலாம். தெள்ளுப்பூச்சிக்கு என்று நாய்க்கு விற்கும் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலதில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். மண்ணெண்ணெய், கற்பூரம் இரண்டும் வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று நம் குளிரில் குளிப்பாட்டவும் வேண்டாம். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, பல் நெருக்கமான சீப்பால் வாரினால் போதும்.

சரி, வீட்டுக்குள் வந்துவிட்டது. முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். குசினியில் ஒரு மூலை, அல்லது அடைத்துக் கட்டிய இஸ்தோப்பில் ஒரு பக்கம் போதும். ஒளிந்துகொள்ள ஒரு கடதாசிப் பெட்டி, அதற்குள் பழைய கம்பளித் துண்டு, ஒரு பக்கம் தண்ணீரும் சாப்பாடும், எதிர்ப்பக்கம் மண் பேசின், அதாவது பூனை கழிப்பதற்கு மண் போட்டு வைக்கும் அகன்ற பாத்திரம். புதிதாக மடுவத்துக்கு வரும் பிள்ளையைப் போலத்தான், முதல் சில நாட்கள் மூலையை விட்டு அசையாது, சரியாகச் சாப்பிடவும் மாட்டாது. நீங்கள் பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு, அதோடு பேசிக்கொண்டு இருங்கள். குரல் பழகும். ஒன்று இரண்டு வாரத்தில் தானே வெளியே வந்து வீட்டை மோந்து பார்க்கும். ஆனால் பெரிய பூனை ஒரு நாள் முழுவதும் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் காத்திராமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

லயத்தில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், பூனை சுவர் மேலாலேயே நடந்து கடைசி வீட்டுக் குசினியில் இறங்கும், அப்புறம் வீட்டுக்கு வீடு சண்டை. கோழி வலையை வாங்கி அந்த இடைவெளியை அடைத்த பிறகே பூனையைக் கொண்டுவாருங்கள். விறகடுப்பையும் கவனியுங்கள். அணைந்த அடுப்பின் சூட்டுச் சாம்பலுக்குள் படுக்கப் போய்ப் பாதம் வெந்துபோகும் பூனைகள் உண்டு. இரவில் அடுப்பு வாயைத் தகரத் துண்டால் மூடிவிட்டு, சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். குளிருக்கு என்று மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைக்காதீர்கள். அந்தப் புகை பூனையோடு மனிதரையும் கொல்லும்.

இனி மண் பேசின். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

பேசின் பெரிதாக இருக்க வேண்டும். பூனை உள்ளே நின்று முழுதாகத் திரும்ப முடிய வேண்டும், அதன் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. குட்டிக்கு விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். மூடி போட்டதை விடத் திறந்ததே நல்லது. பயந்த பூனை, தப்பி ஓட வழி தெரியாத இடத்தில் உட்காராது. ஒரு பூனைக்கு இரண்டு பேசின் வைத்தால் இன்னும் நல்லது, இடம் இல்லாவிட்டால் ஒன்றை இரட்டிப்புச் சுத்தமாக வைத்திருங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஆட்கள் நடந்துபோகும் வாசலும் சரிப்படாது.

வெளியில் வளர்ந்த பூனைக்குத் தெரிந்தது மண். அதனால் மண்ணில் தொடங்குங்கள். தேயிலைக்குள் இருந்து எடுக்காதீர்கள், அது மருந்தும் உரமும் பட்ட மண். வீட்டுப் பின்னால் உள்ள மண்ணை எடுத்து, கல் பொறுக்கி, அடுப்புப் பக்கம் வைத்துக் காயவிட்டு, மூன்று விரல் உயரத்துக்குப் போடுங்கள். முடிந்தால் அந்தப் பூனை வழக்கமாகத் தோண்டும் இடத்து மண்ணில் ஒரு பிடியை மேலே தூவுங்கள். தன் வாடை இருந்தால் சந்தேகப்படாது.

சாப்பிட்டதும், தூங்கி எழும்பியதும் அதற்குப் போகத் தோன்றும். அந்த நேரத்தில் மெல்லத் தூக்கிப் பேசினுக்குள் விட்டு, விலகிப் போய்விடுங்கள். அதன் கையைப் பிடித்துத் தோண்டிக் காட்ட வேண்டாம், பயந்துவிடும். உங்கள் விரலால் மண்ணை லேசாகக் கிளறும் சத்தமே போதும்.

பேசினை ஒழுங்காகப் பாவிக்கத் தொடங்கிய பிறகு மாற்றத்துக்குப் போகலாம். எங்கள் மலையில் வைகாசி தொடங்கி மழை பிடித்தால் மண் காயவே காயாது, சேறாகி வீடெல்லாம் கால் தடம். அதற்கு மரக்காலையில் (மரம் அறுக்கும் இடத்தில்) கிடைக்கும் மரச் சீவல் நல்லது. மெல்லிய தூளைச் சலித்து நீக்கிவிடுங்கள், மூச்சில் ஏறும். பூச்சிக்கு மருந்து ஏற்றிய பலகையின் தூள் வேண்டாம். மண்ணில் கால் பங்கை எடுத்துவிட்டுச் சீவலைக் கலந்து, மூன்று நாலு நாள் பார்த்து, இன்னும் கால் பங்கு என்று மாற்றுங்கள். இடையில் பேசினை விட்டு வேறு இடம் தேடினால், ஒரு படி பின்னுக்குப் போய்ப் பழைய கலவையைப் போடுங்கள். கண்டியிலும் நுவரெலியாவிலும் கடைகளில் விற்கும் கட்டியாகும் மணல் வசதியானதுதான், ஆனால் விலை கூட. சின்னக் குட்டிகள் அதைத் தின்றுபார்க்கும், வயிற்றுக்குள் அது கட்டியாகும். எனவே குட்டிகளுக்கு அது வேண்டாம்.

தேயிலைச் சக்கையையும் ஃபெக்டரிக் கழிவுத் தூளையும் போடலாமா என்று தோட்டத்தில் எல்லோரும் கேட்பார்கள். சும்மா கிடைக்கும், வாடையையும் இழுக்கும். ஆனாலும் போடாதீர்கள். தேயிலையில் உள்ள கஃபீன் பூனைக்கு நஞ்சு, பாதத்தில் ஒட்டியதை அது நக்காமல் விடாது. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். ஈரம் பட்டால் காரமாகிப் பாதத்தைப் புண்ணாக்கும்.

தினமும் ஒரு தடவையாவது அள்ளுங்கள், இரண்டு தடவை என்றால் இன்னும் நல்லது. பூனையின் கழிவில் டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும். அது வெளியே வந்து ஒரு நாளாவது கடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வருகிறது, ஆகவே தினம் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம், வீட்டில் வேறு ஒருவர் செய்யட்டும். அள்ளியதைக் கானில் (வடிகாலில்) கொட்டாதீர்கள், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேல்பக்கமும் போடாதீர்கள். லீக்ஸ், கரட் பாத்திக்கு உரம் என்று போடுகிறவர்களும் உண்டு. அதுவும் கூடாது. தண்ணீருக்கும் தோட்டத்துக்கும் தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பேசினைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். டெட்டோல், பினைல் பூனைக்கு ஆகாது. அந்த வாடை இருந்தால் பேசின் பக்கமும் வராது.

வேறு இடத்தில் போய்விட்டால் அடிக்காதீர்கள், மூக்கை அதில் தேய்க்காதீர்கள். அது கற்றுக்கொள்வது உங்களுக்குப் பயப்படுவதை மட்டும்தான், அப்புறம் ஒளிந்து போகும். அந்த இடத்தைத் தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து, காய்ந்ததும் அங்கே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிடுங்கள். உருளைக்கிழங்குச் சாக்கும் விறகுக் குவியலும் பூனையை இழுக்கும், அவற்றைச் சில வாரம் உயரத்தில் வையுங்கள். நன்றாகப் பழகிய பூனை திடீரென்று வெளியே போனால் முதலில் பேசின் சுத்தமா என்று பாருங்கள், அடுத்து நோயை நினையுங்கள். கடுவன் (ஆண்) பூனை பேசினில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, சிறுநீர் வராமல் கத்தினால் அது அவசரம். அடைத்துக்கொண்டிருக்கும், ஒரு நாள் இரண்டு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் மிருக வைத்தியசாலையில் இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. வலிக்கு என்று பெனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவித்த மீன், கோழி, கொஞ்சம் சோறு. உப்பு நெத்தலியைக் கழுவி அவிக்காமல் போட வேண்டாம், வெங்காயம் பூண்டு சேர்ந்த கறி வேண்டாம். பெரிய பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றோட்டம் தரும், பேசின் பழக்கமும் அதனால் கெடும். நகம் தீட்ட, பிடுங்கிப் போட்ட தேயிலை மரத்தின் வேர்க்கட்டை ஒன்றை மூலையில் நிறுத்துங்கள். கதிரையை விட அது பொட்டுக்குப் பிரியம். வாசலில் லில்லிச் செடி வளர்த்தால் பூவை உள்ளே கொண்டுவராதீர்கள். அதன் மகரந்தமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். பெண் பூனை நாலு ஐந்து மாதத்திலேயே சினையாகும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகும். செய்யாத கடுவன் சுவரெல்லாம் பீச்சியடிக்கும், பேசின் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நிறுத்தாது. சத்திரசிகிச்சை முடிந்து வந்த முதல் வாரம் பேசினில் மண்ணுக்கும் சீவலுக்கும் பதிலாகக் கிழித்த பத்திரிகைக் கடதாசியைப் போடுங்கள், தையலில் ஒட்டாது.

தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் பட்டாசும் தப்பு மேளச் சத்தமும் கேட்டால், எவ்வளவு பழகிய பூனையும் வாசல் திறந்த நொடியில் மலைக்குள் ஓடிவிடும். முதல் நாள் மாலையே அதன் பழைய மூலைக்குள் பெட்டி, தண்ணீர், பேசின் மூன்றையும் வைத்துப் பூனையை அங்கே விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாட்களிடமும், அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.