லுவாவில் டபுளை ஃப்ளோட்டாக்கி ராம் மிச்சம் பிடிக்க

சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் வாங்கும் சின்ன 32 பிட் ஏஆர்எம் போர்டில் லுவா 5.4 என்ற நிரல்மொழியை ஓட்டினால், முதலில் பற்றாமல் போவது ராம் என்ற நினைவகம்தான். லுவா ஒவ்வொரு மதிப்பையும் 1 பைட் வகைக்குறியோடு சேர்த்து வைக்கிறது. தசம எண்களுக்கான டபுள் என்ற வகைக்கு 8 பைட். அது 8இன் மடங்கில் தொடங்கவேண்டும் என்பதால் மொத்தம் 16 ஆகிறது. அதில் 7 பைட் வெற்றிடம். அதைவிடச் சிறிய வகையான ஃப்ளோட்டானால் குறியோடு சேர்த்து 8 பைட்டில் அடங்கிவிடும். 1,024 இடமுள்ள வரிசை 16,384 பைட்டிலிருந்து 8,192க்கு இறங்கும். 64 பிட் கணினியில் இந்த லாபம் கிடையாது. அங்கே நினைவக முகவரியான பாயின்டரே 8 பைட்.

லுவாவின் அமைப்புகள் உள்ள லுவாகான்ஃப் ஹெடர் கோப்பில் ‘லுவா 32பிட்ஸ்’ 0 என்றிருப்பதை 1 ஆக்குங்கள். முழு எண்ணும் 32 பிட்டாகும். கம்பைலர் கட்டளையில் கொடுத்தால் போதாது. ஹெடர் அதைத் திரும்ப 0 ஆக்கிவிடும். பிறகு பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்து, சி மொழியில் எழுதிய மாட்யூல்கள் உட்பட எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்யுங்கள். முன்பே கம்பைல் செய்து வைத்த லுவா நிரலும் (பைட்கோடு) செல்லாது.

கோர்டெக்ஸ் எம்4எஃப் சிப்பில் வேகமும் கூடும்: அதன் கணக்கு வன்பொருளுக்கு ஃப்ளோட் மட்டுமே தெரியும், டபுளை மென்பொருள்தான் கணக்கிடுகிறது.

இனி கவனம் தேவைப்படும் இடம். ஃப்ளோட்டின் துல்லியம் 24 பிட். 1,67,77,216க்கு மேல் சில முழு எண்கள் அதில் அமையா. யுனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் விநாடிகளை) ஃப்ளோட்டில் வைத்தால் கடிகாரம் 128 விநாடிக்கு ஒருமுறைதான் நகரும். முழு எண்ணாகவே வையுங்கள். அதுவும் 2038 ஜனவரி வரைதான்.

மின்பயன்பாட்டை 0.01 ஆகக் கூட்டிக்கொண்டே போனால், 2,62,144ஐத் தொட்டதும் கூட்டுத்தொகை அப்படியே நின்றுவிடும். அங்கே அடுத்த எண் 0.03125 தள்ளி இருப்பதால் 0.01 கரைந்துபோகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. மீட்டர் தரும் பல்ஸ்களை (துடிப்புகளை) முழு எண்ணாக எண்ணி, காட்டும்போது மட்டும் வகுங்கள்.

ஜிபிஎஸ்ஸில் சிங்கப்பூரில் எழும் சிக்கல் ஒன்று உண்டு. நம் அட்சரேகை 1.3 பாகைதான், அதனால் ஃப்ளோட்டில் ஒரு படி (அடுத்தடுத்த இரு எண்களின் இடைவெளி) ஏறத்தாழ 1.3 செ.மீ. தீர்க்கரேகையோ 103.8, அங்கே ஒரு படி 85 செ.மீ. வடக்கு-தெற்கு சரியாக இருக்கும், கிழக்கு-மேற்கு குதிக்கும். பாகையை 1 கோடியால் பெருக்கிய முழு எண்ணாக வையுங்கள், 103.8 பாகை 1,03,80,00,000 ஆகும், 32 பிட்டில் தாராளமாக அடங்கும். இரு புள்ளிகளையும் முழு எண்ணிலேயே கழித்து, வித்தியாசத்தை மட்டும் ஃப்ளோட்டாக்குங்கள்.

ஃப்ளோட்டைக் கோப்பில் எழுதும்போது லுவா 7 இலக்கம்தான் தரும். அதே எண் திரும்பக் கிடைக்க 9 இலக்கம் வேண்டும்; வடிவத்தை நீங்களே குறிப்பிடுங்கள்.