பழைய வாழ்த்து அட்டையில் கிறிஸ்துமஸ் உருண்டை: சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து பெட்டி இறங்கும். ஸ்டார், சீரியல் செட், குடில் பொம்மைகள், அவற்றுக்கு அடியில் தூக்கிப்போட மனசு வராத வாழ்த்து அட்டைகள் ஒரு கட்டு. வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தக் கட்டு வளரவும் இல்லை, குறையவும் இல்லை. அதை வெட்டி மரத்தில் தொங்கவிட உருண்டை செய்யலாம் என்று போன வருடம் இறங்கினேன். இருபது வட்டங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று ஓரங்களை மடித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் உருண்டை. கேட்க எளிதுதான். எனக்கு முதலில் வந்தது நசுங்கிய எலுமிச்சம்பழம்.

முதல் தவறு கத்தரிக்கோலை உடனே எடுப்பது. ஒவ்வொரு அட்டையையும் திறந்து பாருங்கள். 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாமல் ஓவியர் ஒருவரைப் படம் வரையச் சொல்லி அட்டையாக அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். விலை ஒரு ஷில்லிங். ஆக, படம் அன்றிலிருந்தே ஊருக்கெல்லாம் பொது. உள்ளே நீல மையில் பெரியப்பா எழுதிய நாலு வரிதான் உங்களுடையது. முன்பக்கத்தை மட்டும் வெட்டி, எழுத்து இருக்கும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். இடம் போதாமல் படத்தின் பின்பக்கத்திலும் எழுதி வைத்தவர்கள் உண்டு. அதையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள். பாட்டுப் பாடும் அட்டை என்றால் உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். முதலில் அதைக் கழற்றி எடுத்து வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உள்ளே உணவுக்குழாயையே அரித்துவிடும்.

அடுத்து, எந்த அட்டை? தடிமன் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மெல்லிய அட்டையும் கெட்டி அட்டையும் கலந்தால் மெல்லியது இருக்கும் பக்கம் உருண்டை உள்ளே அமுங்கும். ஜிகினா தூவியவை பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் மடிக்கும்போதெல்லாம் உதிர்ந்து, ஜனவரி வரை சோற்றில்கூட மின்னும். நான் அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

இனி வட்டம். பலரும் வளையலையோ டம்ளரையோ வைத்து வரைகிறார்கள். வட்டம் வரும், நடுப்புள்ளி வராது. அது இல்லாமல், மூன்று ஓரங்களையும் மடிக்க வட்டத்துக்குள் வரையும் முக்கோணத்தைக் கண்ணளவில் போட்டால் மூன்று ஓரமும் மூன்று அளவில் மடியும். இருபது வட்டத்தில் இந்தச் சிறு பிசகு சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரு விரல் நுழையும் இடைவெளியாக நிற்கும். என் எலுமிச்சம்பழத்துக்குக் காரணம் இதேதான். காம்பஸை 2.5 செ.மீ. வைத்து, கெட்டி அட்டை ஒன்றில் வட்டம் போடுங்கள். அதே அளவை மாற்றாமல் விளிம்பில் ஆறு தடவை வைத்தால் ஆறு புள்ளி. ஒன்றுவிட்டு ஒன்றைச் சேர்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். வட்டம் ஒன்று, முக்கோணம் ஒன்று என இரண்டு அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் இருபதும் அச்சு மாறாது. ஐந்துக்கு ஏழு அங்குல அட்டையின் முன்பக்கத்தில் ஆறு வட்டம் அடங்கும். நாலு அட்டை இருந்தால் ஒரு உருண்டைக்குப் போக நாலு வட்டம் மிச்சம்.

அட்டையின் பின்பக்கத்தில் கோடு போடுவது சுத்தமாக இருக்கும் என்று தோன்றும். அப்படிச் செய்து மூன்று ஞானிகளில் இருவருக்குத் தலையை எடுத்துவிட்டேன். ஒட்டகத்துக்கு வெறும் கால்கள் மிஞ்சின. மடித்த பிறகு நேராகத் தெரிவது முக்கோணம் மட்டும், அது வட்டத்தில் பாதிகூட இல்லை. ஆகவே ஒரு தாளில் முக்கோண ஓட்டை வெட்டி, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். முகமோ நட்சத்திரமோ அதற்குள் முழுசாக அடங்கும் இடத்தைப் பிடித்த பிறகு வட்டத்தை வரையுங்கள்.

மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுங்கள். இழுக்காமல் மடித்தால் மடிப்பு நேராக விழாது, பளபளப்பான பூச்சு வெடித்து வெள்ளை வரி தெரியும். ஓரங்களைப் படம் இருக்கும் பக்கமாக, அதாவது உங்களைப் பார்த்து மேலே மடிக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டும்போது வெள்ளைப் பின்பக்கங்கள் இரண்டும் சேரும். மாற்றி மடித்தால் வழவழப்பான பக்கம் வழவழப்பான பக்கத்தோடு சேரும். லேமினேஷன் இருந்தால் வெள்ளைப் பசை அதில் பிடிக்கவே பிடிக்காது.

பசை விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு தொந்தரவு உண்டு. நமக்கு டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் துவண்டு கிடக்கும், பசை காய நேரமெடுக்கும். அதில் தாராளமாகப் பசையும் தடவினால் அட்டை நெளிந்துவிடும். ஓரம் முழுக்க ஒரு பொட்டுப் பசையை விரலால் மெல்லிசாக இழுத்துத் தடவி, துணி கிளிப் மாட்டி விடுங்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து உட்கார்ந்தால் வேலை பாதி. மைதாப் பசை மலிவுதான், ஆனால் மாவுப் பசையென்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க அதில் மயில் துத்தம் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் வேண்டாம்.

ஒட்டும் முறை: மடித்த ஐந்து வட்டங்களின் முக்கோண முனைகள் ஒரு புள்ளியில் சேர்ந்தால் ஒரு மூடி. அதேபோல இன்னொன்று. மீதிப் பத்தும் முனை மேலே, முனை கீழே என மாறி மாறி வரிசையாக ஒட்டி, வளையமாக்கினால் நடுப்பட்டை. மூடியில் ஆறு வைத்துவிட்டால் அது குவியாது, தட்டையாகப் படுத்துவிடும். எண்ணிக்கொண்டே ஒட்டுங்கள்.

அப்புறம், நூல். இதை மறக்காதவர்களை நான் பார்த்ததில்லை. உருண்டையை முழுசாக ஒட்டி, தட்டிப் பார்த்து, அழகு பார்த்த பிறகுதான் தொங்கவிட எதுவும் இல்லை என்று ஞாபகம் வரும். அப்போது ஓரத்தில் ஊசியால் துளை போட்டு நூல் கோர்த்தால் உருண்டை சாய்ந்து தொங்கும், இரண்டு நாளில் துளை கிழியும். மேல் மூடி தனியாக இருக்கும்போதே ஐந்து முனையும் சேரும் நடுப்புள்ளி வழியாக நூலை வெளியே எடுத்து, உள்முனையில் பழைய சட்டைப் பொத்தானைக் கட்டிவிடுங்கள், இழுத்தாலும் வராது. அதன் பிறகு மூடியைப் பட்டையோடு சேர்த்து ஒட்டுங்கள்.

மரத்தில் எல்இடி சீரியல் செட் போட்டால் கவலை குறைவு. சூடாகும் பழைய குண்டு பல்புக்கும் மெழுகுவர்த்திக்கும் பக்கத்தில் காகித உருண்டை கூடாது. குடில் கலைக்கும் நாளில் இவற்றை பிளாஸ்டிக் பையில் திணித்துப் பரணில் ஏற்றாதீர்கள், நசுங்கிப் பூஞ்சையும் பிடிக்கும். பழைய பிஸ்கட் டின்னில், செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் போட்டு வையுங்கள்.