மாதிரி நாடாளுமன்றத்துல நிருபரா, லாபி ஆளா நிக்கப் போற பிள்ளைங்களுக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்ல, பிள்ளைங்களே உறுப்பினர்களா நடிச்சு மசோதா விவாதிக்கிற மாதிரி நாடாளுமன்றம் நடத்தப் போறோம்னு சொன்னதுமே பேர் கொடுக்குற பிள்ளைங்க எல்லாம் கேக்குறது பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர், அது கிடைக்கலன்னா ஏதாவது ஒரு மந்திரி. நிருபர் வேலையும், ஒரு அமைப்பு சார்பா உறுப்பினர்கள்கிட்ட பேசி ஆதரவு திரட்டுற லாபி வேலையும் கடைசில மிஞ்சுறவங்க தலையில போய் விழுது. இத முதல்ல மாத்தணும். சபையில உக்காந்திருக்குற ஒய்பி, அதான் நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு மசோதாவுக்கு அஞ்சு நிமிஷம் பேசிட்டு உக்காந்துடலாம், ஆனா நிருபரும் லாபி ஆளும் காலையில டேவான், அதாவது மண்டபத்துக் கதவு தொறந்ததுல இருந்து சாயங்காலம் நாற்காலி அடுக்குற வரைக்கும் ஓடணும், எல்லா மசோதாவையும் படிச்சிருக்கணும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ரெண்டு பக்கமும் பேசத் தெரியணும். அதனால டீச்சர்மாருங்களா, நல்லா வாசிக்கிற, கூச்சம் இல்லாத பிள்ளைங்கள இந்த ரெண்டு வேலைக்கும் முதல்லயே எடுத்து வச்சிடுங்க, படிவம் 4, 5, படிவம் 6 யாரா இருந்தாலும் சரி.

இந்தப் பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. அமெரிக்காவுல ஒய்எம்சிஏ 1936-ல நியூயார்க் மாநிலத்துல ஆரம்பிச்ச மாணவர் சட்டமன்ற நிகழ்ச்சி இன்னைக்கு அங்க பல மாநிலத்துல நடக்குது, நிறைய இடத்துல நிருபர் குழு, லாபி குழுன்னு தனித்தனியா வச்சு பயிற்சி கொடுக்குறாங்க. மாதிரி ஐநா மாநாட்டுலயும் பிரஸ் குழு உண்டு. நாம நடத்தும்போது நம்ம மக்களவை நடைமுறைய வச்சு நடத்தணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டு வேலைக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. நிருபர் யார் பக்கமும் சாயக்கூடாது, லாபி ஆள் ஒரு பக்கம் நிக்கிறத மறைக்கக்கூடாது. ஒரே பிள்ளைக்கு ரெண்டு வேலையும் கொடுக்காதீங்க, ஆள் பத்தலன்னாலும் வேணாம். கழுத்துல மாட்டுற டேக் ரெண்டு நிறத்துல இருக்கட்டும், லாபி டேக்ல எந்த அமைப்பு சார்பா வந்திருக்காங்கன்னு பெருசா எழுதிடுங்க, பேச வர்றது யாருன்னு ஒய்பிக்கு பார்த்ததும் தெரியணும்.

மசோதாவ நம்ம ஊர் விஷயத்துல இருந்து எடுங்க. பருவநிலை மாற்றம், செயற்கை நுண்ணறிவுன்னு பெரிய தலைப்பு எடுத்தா பிள்ளைங்க இணையத்துல இருந்து எடுத்து ஒப்பிப்பாங்க, யாருக்கும் எதுவும் ஒட்டாது. நான் சொல்றது ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு சொந்த வீடுங்கிற மசோதா. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல பொறந்து, கித்தா (ரப்பர்) மரம் சீவி, அப்புறம் செம்பனை குலை வெட்டின தாத்தா பாட்டி கிட்டத்தட்ட எல்லா வீட்டுலயும் இருக்காங்க, வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும்ங்கிற பயம் என்னன்னு அவங்களே சொல்வாங்க. இதுல படிக்க வேண்டியதும் நிறைய இருக்கு. 1990-ல வந்த தொழிலாளர் வீட்டு வசதி குறைந்தபட்சத் தரச் சட்டம், அதான் சட்டம் 446, முதலாளி கொடுக்குற வீடு எப்படி இருக்கணும்னு சொல்லுது, 2019-ல அத திருத்தினாங்க. ஆனா முதலாளி கொடுக்குற வீடு வேற, ஓய்வுக்கு அப்புறம் சொந்தமா ஒரு வீடு வேற. அதுக்கும் முன்னாடி போனா, சுதந்திர காலத்துல வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்த வித்துட்டுப் போக, வாங்கினவங்க தோட்டத்த துண்டு துண்டா பிரிச்சு விக்க, தொழிலாளிங்க நடுத்தெருவுக்கு வந்தப்ப, நம்ம சுங்கை சிப்புட் தொகுதி உறுப்பினரா இருந்த துன் சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சு, தொழிலாளிங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா சேர்த்து தோட்டம் வாங்கினாரு. இந்த ஊர்ப் பிள்ளைங்க இத தெரிஞ்சுக்காம மேடை ஏறக்கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து.

இப்ப நிருபர் வேலை. அஞ்சு ஆறு பேர் போதும், அதுல ஒருத்தர் எடிட்டர், ஒருத்தர் படம் எடுக்க, மிச்சப் பேர் சபைக்குள்ளயும் வெளியவும். ஏ4 தாள் ஒண்ணு, ரெண்டு பக்கம், மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பதிப்பு, முடியிறப்போ ஒரு பதிப்பு. வாட்ஸ்அப்ல மட்டும் போட்டா போதாதான்னு கேப்பீங்க, போதாது. கையில தாள் வந்தாத்தான் ஒய்பிங்க தன் பேர் எங்கன்னு தேடிப் படிப்பாங்க, தப்பா போட்டிருந்தா நேரா வந்து கேப்பாங்க, அப்பத்தான் எழுதுற பிள்ளைக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் பொறுப்பு வரும்.

நாடாளுமன்ற நடைமுறை தெரியாத நிருபர் அரைமணி நேரத்துல தொலைஞ்சு போயிடுவாரு. முதல் வாசிப்புல மசோதாவோட தலைப்பு மட்டும்தான் படிப்பாங்க, அங்க சண்டை இருக்காது. ரெண்டாவது வாசிப்புலதான் கொள்கை விவாதம், சூடான பேச்செல்லாம் அங்க. அப்புறம் குழு நிலை, ஒவ்வொரு பிரிவா எடுத்து திருத்தம் பண்றது, பெரும்பாலான பிள்ளைங்க இந்த நேரத்துல தூங்கிடுவாங்க, ஆனா நல்ல செய்தி இங்கதான் கிடைக்கும், ஏன்னா மசோதாவோட பல்ல பிடுங்கறது இங்கதான் நடக்கும். கடைசியா மூணாவது வாசிப்பு. நிஜ மக்களவையில 222 பேர், கூட்டம் நடக்க 26 பேராவது இருக்கணும், அதனால மாதிரி சபைக்கும் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வச்சு, மதியத்துக்கு மேல எத்தனை நாற்காலி காலியா கெடக்குன்னு நிருபர் எண்ணிப் பார்க்கணும், அதுவும் செய்தி. ஓட்டு முதல்ல குரல் ஓட்டாத்தான் நடக்கும், 15 பேர் எழுந்து நின்னு கேட்டாத்தான் ஒவ்வொருத்தரா எண்ணுவாங்க. உங்க சபை சின்னதா இருந்தா 15-அ குறைச்சு வச்சுக்குங்க, ஆனா யார் எழுந்தாங்க, யார் எழுந்திரிக்கல, அத குறிச்சுக்கணும்.

எழுதறப்போ முதல் வரியில விஷயம் வந்துடணும். நம்ம பிள்ளைங்க பழக்கத்துல "இன்று காலை மாதிரி நாடாளுமன்றம் இனிதே தொடங்கியது, குத்துவிளக்கு ஏற்றப்பட்டது"ன்னு ஆரம்பிப்பாங்க. அத வெட்டிடுங்க. "தோட்டத் தொழிலாளர் வீட்டு மசோதா 22க்கு 17 ஓட்டுல நிறைவேறியது, முதலாளிகள் நிலம் தரணும்னு சொன்ன அஞ்சாம் பிரிவு மட்டும் நீக்கப்பட்டது", இப்படி எழுதினா வாசிக்கிறவருக்கு ஒரே மூச்சுல எல்லாம் கிடைச்சிடும். ஒருத்தர் சொன்னத மேற்கோள்ல போட்டா அவர் சொன்ன வார்த்தையே வரணும், அழகா இருக்கட்டும்னு மாத்தக்கூடாது. சந்தேகம்னா சபை முடிஞ்சதும் ஓடிப்போய் "ஒய்பி, நீங்க சொன்னது இதுதானே"ன்னு வாசிச்சுக் காட்டுங்க, அவர் சொன்னத மாத்தச் சொன்னா மாத்த வேணாம், தப்பா கேட்டிருந்தா மட்டும் மாத்துங்க. சபையில யாராவது ஒரு எண்ணு சொன்னா அத சரிபாருங்க. ஒரு மந்திரி குறைந்தபட்ச சம்பளம் 1,500 வெள்ளின்னு பேசிட்டுப் போனா, 2025 பிப்ரவரி 1-ல இருந்து அது 1,700 வெள்ளின்னு அடுத்த வரியிலேயே போடணும். இதுல பயமே வேணாம், நிஜ நிருபருக்கும் இதுதான் வேலை.

மாதிரி நாடாளுமன்றத்துக்கு முன் வாரமே ஒரு பெரிய கட்டுரை தயார் பண்ணிடுங்க, லயத்துல இருந்த ஒரு பாட்டிய, இல்ல ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஐயாவப் பார்த்து பேசி எழுதறது. போனதும் நோட்டு எடுத்து நீட்டாதீங்க, முதல்ல உக்காந்து பேசுங்க, எதுக்கு கேக்குறோம்னு சொல்லுங்க, பேர் போடலாமான்னு கேளுங்க, வேணாம்னு சொன்னா போடவே கூடாது, படமும் அப்படித்தான். எழுதினத அவங்களுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, பல பேருக்கு கண்ணு சரியா தெரியாது. தமிழ்லயே எழுதுங்க. 1924-ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் நாளிதழ் 2019-ல நின்னு போச்சு, தமிழ் முரசு நாளிதழோட மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்துல எழுதிப் பழகினவங்க இந்த நாட்டு எழுத்தாளர்கள்ல எத்தனையோ பேர், இப்ப பிள்ளைங்களுக்கு எழுதிப் பழக இடம் குறைஞ்சுக்கிட்டே போகுது, இந்த ஒரு தாளாவது அவங்களுக்கு இருக்கட்டும். சபையில மலாய்ல பேசினா மலாய்லயே குறிச்சு, அப்புறம் கவனமா தமிழ்ல கொண்டு வாங்க. நிஜ ஹன்சார்ட், அதாவது சபையில பேசினதோட முழுப் பதிவு, நாடாளுமன்ற இணையத்தளத்துல இலவசமா இருக்கு, ஒரு நாள் விவாதத்த எடுத்து வச்சு அதுல இருந்து ஒரு செய்தி எழுதிப் பாருங்க, இதவிட நல்ல பயிற்சி இல்ல.

லாபி வேலைக்கு வருவோம். நம்ம ஆளுங்க பல பேருக்கு லாபின்னாலே பணம் கைமாறுறதுதான் ஞாபகத்துக்கு வருது. ஆனா தொழிற்சங்கம் மந்திரியப் பார்க்குறது, பெற்றோர் சங்கம் ஒய்பிகிட்ட மகஜர் கொடுக்குறது எல்லாமே லாபிதான். அதனால விதி ஒண்ண ஆரம்பத்துலயே எழுதி ஒட்டிடுங்க: ஓட்டுக்காக யாரும் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுக்கக்கூடாது, கேன்டீன்ல ஒரு நாசி லெமாக் கூட கூடாது. 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்துல கைக்கூலி பணமாத்தான் இருக்கணும்னு இல்ல, அத பிள்ளைங்க இந்த வயசுலயே புரிஞ்சுக்கட்டும்.

அமைப்புகள நாலஞ்சா பிரிங்க. தொழிலாளர் பக்கம் தோட்டத் தொழிலாளர் சங்கம், முதலாளி பக்கம் தோட்ட உரிமையாளர் சங்கம், வீடு கட்டுற நிறுவனங்க, சுற்றுச்சூழல் குழு, தோட்டத்த விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துட்ட குடும்பங்களோட சங்கம். நிஜத்துல தோட்டத் தொழிலாளர் சங்கமான என்யூபிடபிள்யூ-வும் தோட்ட முதலாளிங்க சங்கமான மாப்பாவும் உக்காந்து கூட்டு ஒப்பந்தம் பேசுறாங்க, அத தேடிப் படிச்சுட்டு வரச் சொல்லுங்க. முதலாளி பக்கம் நிக்க ஒரு நல்ல பிள்ளைய கட்டாயம் போடுங்க. தோட்டத்துல வளர்ந்த பிள்ளைக்கு அது கஷ்டமா இருக்கும், ஆனா எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு உள்ள இருந்து தெரிஞ்சாத்தான் நம்ம பக்கத்த பலமா பேச முடியும்.

லாபி ஆளுக்கு முதல் ஆயுதம் ஒரு பக்கத் தாள். நாங்க யாரு, என்ன கேக்குறோம், எந்தப் பிரிவுல எந்த வார்த்தைய மாத்தணும், மாத்தினா என்ன ஆகும். அவ்வளவுதான், ரெண்டாவது பக்கம் போகாதீங்க. "வீடு கொடுங்க"ன்னு பொதுவா கேட்டா ஒய்பி தலைய ஆட்டிட்டுப் போயிடுவாரு, "மூணாம் பிரிவுல 'கொடுக்கலாம்'னு இருக்கறத 'கொடுக்க வேண்டும்'னு மாத்துங்க"ன்னு எழுதிக் கொடுத்தா அவர் அதையே எடுத்து குழு நிலையில வாசிச்சிடுவாரு. திருத்தத்த எழுதறது லாபி ஆள், வாசிக்கிறது ஒய்பி, இத மட்டும் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அடுத்தது ஓட்டுக் கணக்கு. சபையில 40 பேர்னா ஒரு தாள்ல 40 பேரும் எழுதி, ஆதரவு, எதிர்ப்பு, முடிவு பண்ணாதவங்கன்னு பிரிங்க. நம்ம ஆதரவாளர்கள்கிட்டயே நின்னு பேசிக்கிட்டு இருக்கறது சுகமா இருக்கும், ஆனா அதுல ஒரு ஓட்டும் கூடாது. முடிவு பண்ணாத பத்து பேர்கிட்ட போங்க. "வணக்கம் ஒய்பி, நான் தோட்டத் தொழிலாளர் சங்கம் சார்பா வந்திருக்கேன், ரெண்டு நிமிஷம் கிடைக்குமா"ன்னு கேட்டு, ரெண்டு நிமிஷம்னா ரெண்டு நிமிஷத்துலயே முடிங்க. அவர் தொகுதி என்னன்னு பார்த்து வச்சு, அந்தத் தொகுதிக்கு என்ன லாபம்னு சொல்லுங்க. பதில் தெரியாத கேள்வி கேட்டா கேட்டு வந்து சொல்றேன்னு சொல்லி, சொன்ன மாதிரி திரும்பிப் போங்க. ஒரு தடவை பொய் சொல்லி மாட்டிக்கிட்டா அன்னைக்கு முழுக்க உங்ககிட்ட யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

இந்த மசோதாவுல எல்லாரும் தடுக்கி விழுற ஒரு இடம் இருக்கு. அரசியலமைப்புல நிலம் மாநில அரசோட அதிகாரம், தொழிலாளர் விஷயம் மத்திய அரசோடது. மந்திரி "நிலம் எங்க கையில இல்ல, மாநிலத்தப் போய்க் கேளுங்க"ன்னு ஒரே வரியில தப்பிச்சிடுவாரு. அதுக்கு லாபி ஆள் பதில் வச்சிருக்கணும்: நிலத்த விட்டுட்டு வீட்டுக் கடனுக்கு நிதி கேக்கலாம், இல்ல தோட்டம் கைமாறும்போது வேலை போற தொழிலாளிக்கு முதலாளி என்ன செய்யணும்னு கேக்கலாம். நிருபரும் இதையேதான் மந்திரிகிட்ட வெளிய நின்னு கேக்கணும்.

பிள்ளைங்களுக்கு நிஜ உதாரணம் வேணும்னா உன்டி18 இயக்கத்தச் சொல்லுங்க, உன்டின்னா மலாய்ல ஓட்டு. மாணவர்கள் ஆரம்பிச்சது. ஓட்டுப் போடுற வயச 21-ல இருந்து 18-க்கு குறைக்க அரசியலமைப்ப திருத்தணும், அதுக்கு மூணுல ரெண்டு பங்கு, அதாவது 148 பேர் வேணும், ஆளுங்கட்சிகிட்ட மட்டும் பேசினா அந்த எண்ணு வராது. ரெண்டு பக்கமும் போய்ப் பேசினாங்க, 2019 ஜூலை 16-ல 211 பேர் ஆதரவா ஓட்டுப் போட்டாங்க, எதிர்த்து ஒருத்தர் கூட இல்ல. அப்பயும் வேலை முடியல, நடைமுறைக்கு வர தாமதமாகி, இளைஞர்கள் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 2021 டிசம்பர் 15-லதான் அமலுக்கு வந்துச்சு.

லாபி பிள்ளைங்க சபை நடக்குறப்போ உள்ள போகக்கூடாது, வெளிய வராண்டாவுல நிக்கணும், அவசரம்னா ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஏவலாளா நிக்கிற பிள்ளைகிட்ட கொடுத்து அனுப்பலாம். ஒய்பி சாப்பிடுறப்போ சுத்தி வளைக்கிறதும் கூடாது. நிருபர்களுக்கு சபைக்குள்ள பின் வரிசையில இடம் போடுங்க, மைக் இல்லாத டேவான்ல பக்கவாட்டுல போட்டாத்தான் பேச்சு கேக்கும். பிரிண்டருக்கு மை இருக்கான்னு முந்தின நாளே பாருங்க.

எல்லாம் முடிஞ்சதும் நிறைவேறின மசோதாவ ஒரு மகஜரா மாத்தி எழுதி, பிள்ளைங்க போட்ட ரெண்டு பதிப்பையும் சேர்த்து, நிஜமான நாடாளுமன்ற உறுப்பினரோட சேவை மையத்துக்கு கொண்டு போய்க் கொடுங்க. முன்கூட்டியே போன் பண்ணி நேரம் கேளுங்க, பேசறதுக்கு லாபி பிள்ளை ஒண்ணு, குறிப்பெடுக்க நிருபர் பிள்ளை ஒண்ணு போகட்டும், ஒரு நகல்ல வாங்கினதுக்கு முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிட்டு வரணும், ரெண்டு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்கு அந்த நகல்தான் வேணும்.