வில்லங்கச் சான்றில் விடுபட்டிருந்த ஒரு பதிவு

தாம்பரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டிற்கு 62 லட்சம் ரூபாய் கேட்ட உரிமையாளரிடம் நான் 57 லட்சம் சொன்னேன்; அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. 58 லட்சமாக உயர்த்தியும் பதில் வரவில்லை. அதே தெருவில் விற்ற வீடுகளின் விலையைத் தரகர் மூலம் எடுத்துக்காட்டியதும் பயனளிக்காமல் பதினொரு நாள்கள் வீணாயின.

பிறகு 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றை (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை) வரிவரியாகப் படித்தபோது, 2014இல் கடனுக்காக வங்கியிடம் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு இருக்க, அதை விடுவிக்கும் ரசீது ஆவணம் பதிவாகாமலே இருப்பதைக் கண்டேன். கடனை அவர் முன்பே அடைத்து, நிலுவையில்லாச் சான்றும் வாங்கி வைத்திருந்தார். ஆனால் வங்கி தந்த அந்தச் சான்று மட்டும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவை மாற்றாது. வங்கிக் கடனில் வாங்க வந்த இருவர் இதனாலேயே விலகியிருந்ததால், அவர் பொறுத்திருக்கக்கூடிய ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

விலை 58 லட்சம், முன்பணம் ஒரு லட்சம், ரசீது ஆவணம் பதிவாகி வில்லங்கச் சான்றில் தெரிந்த பிறகே மீதித் தொகை, அதற்கு 60 நாள் அவகாசம், தவறினால் முன்பணம் முழுவதும் திரும்ப வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மாலையே சம்மதம் வந்தது; பெரும் நிம்மதி.