டிவிடி ரைட்டர் வாங்க முதல்: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதையுங்கோ

போன கிழமை எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவன் டிவிடி ரைட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரவுனில் கழற்றின சாமான் விற்கும் கடையில் வாங்கியது. புதியதின் அரைவிலை கூட இல்லை. "அண்ணை, பூட்டிப் பாத்தன், படம் வடிவா ஓடுது. இனி அக்கான்ர கலியாணவீட்டு வீடியோவை அடிச்சுக் கனடாவுக்கு அனுப்பலாம்தானே?" என்று கேட்டான்.

"ஓடுதுதானே" என்பதை நம்பித்தான் நானும் ஒருகாலத்தில் கெட்டேன். கோண்டாவிலில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு சனத்தின் பழைய கசெற்றுகளையும் அல்பங்களையும் டிவிடிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. பென் டிரைவ் இருக்கும்போது டிவிடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எழுதி மூடிய டிஸ்க்கைப் பிள்ளைகள் கைதவறியும் அழிக்க முடியாது. அந்த ஒரு குணத்துக்காகவே இன்னும் கேட்டு வருகிறார்கள். டிரைவைக் கணினியோடு இணைப்பது சாட்டா வயரா, ஐடிஇ வயரா என்று கேசிங்கைத் திறந்து பார்க்கச் சொல்ல எல்லாரும் இருக்கிறார்கள். ஆகவே அதை விடுகிறேன்.

பிளஸ்ஸா, மைனஸா?

வெற்று டிஸ்க்கில் டிவிடி+ஆர், டிவிடி-ஆர் என்று இரண்டு வகை. எது என்பது பழைய கதை. இப்போது விற்கும் ரைட்டர்கள் இரண்டையும் எழுதும்.

24எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்து வாங்குவது

டிவிடியில் 1எக்ஸ் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 1.385 எம்பி. 16எக்ஸ் 22 எம்பிக்குக் கிட்ட வரும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அந்த வேகம் டிஸ்க்கின் வெளிவிளிம்புக்கு வந்த பிறகுதான் கிடைக்கும். உள்வட்டத்தில் தொடங்கும்போது அதில் பாதியும் இராது. அதைவிட, கடையில் வாங்கும் வெற்று டிஸ்க்கில் 16எக்ஸ் என்றுதான் போட்டிருக்கும். நிறைந்த டிஸ்க் ஒன்றை 8எக்ஸில் எழுத எட்டு நிமிடமளவில் போகும், 16எக்ஸில் ஆறு நிமிடமளவில். அந்த இரண்டு நிமிடத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதையுங்கோ. நான் எல்லாவற்றையும் 8எக்ஸில்தான் எழுதுகிறேன்.

வாசிக்கிற டிரைவ் எழுதும் என்று நம்புவது

2012 அளவில் கொக்குவில் மாமி ஒருவர் விஎச்எஸ் கசெற் ஒன்று கொண்டுவந்தார். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து அடுத்த வருடம் நடந்த, மூத்த மகளின் சாமத்தியவீட்டு வீடியோ. வெளிநாட்டில் இருந்த சகோதரங்கள் எல்லாரும் கனகாலத்துக்குப் பிறகு ஒரே பந்தலுக்குள் நின்ற நாள். மாமா அதன்பிறகு நெடுநாள் இருக்கவில்லை. கசெற்றின் கடைசியில், பந்தி முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில், அவர் மைக்கை வாங்கி வந்தவர்களுக்கு நன்றி சொல்லுவார். ஏழு நிமிடம். மகளின் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்தித் தொண்டையைச் செருமுவார். அந்த வீட்டில் அவருடைய குரல் மிஞ்சியிருந்தது அந்த ஏழு நிமிடத்தில்தான்.

கசெற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைத்து, ஒரே ஒருதரம் ஓடவைத்துக் கணினியில் ஏற்றினேன். இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்தது, டிஸ்க் விளிம்புவரை நிறைந்தது. நாலு பிரதி எழுதினேன். என்னிடம் அப்போது இருந்தது ஏதோ ஒரு கந்தோர்க் கணினியில் இருந்து கழற்றி விற்ற ரைட்டர். எழுதி முடிய அதே டிரைவில் போட்டுப் பார்த்தேன். கடைசிவரை ஓடியது. மாமியிடம் கொடுத்தேன். ஹாட் டிஸ்க்கில் இடம் இல்லையென்று கோப்பை அழித்தேன். டிவிடி இருக்கிறதே என்று அவர்கள் கசெற்றை எறிந்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மாமி படலையடியில் வந்து நின்றார். "தம்பி, மாமா கதைக்கிற இடம் வர முதல் நிண்டுபோகுது."

இங்கே இருந்த மூன்று பிரதிகளோடு லண்டனுக்குப் போனதையும் எடுப்பித்தேன். வேறு வேறு டிரைவுகளில் போட்டு, வேகத்தைக் குறைத்து, இரவிரவாக முயன்றேன். பந்தி வந்தது. கதிரை அடுக்குவது வந்தது. மாமா மைக்குக்குக் கை நீட்டுகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. நாலிலும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். டிஸ்க் நிறைந்தால் வீடியோவின் கடைசிப் பகுதி வெளிவிளிம்பில்தான் விழும். டிஸ்க் வளைந்திருந்தால் அதிகம் ஆடுவதும், விரல் படுவதும், பசை விட்டுக் காற்றும் ஈரமும் முதலில் புகுவதும் அங்கேதான். எழுதும்போது லேசர் உள்ளே இருக்கும் சாயப்படையைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. அதற்கு வேண்டிய ஒளி, வாசிக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு. பாவித்துக் களைத்த லேசரும் தூசி படிந்த லென்சும் வாசிக்கக் காணும், சுடக் காணாது. அடையாளம் மங்கலாக விழும். ஆனால் டிவிடியில் பிழைதிருத்தும் தரவும் சேர்த்தே எழுதப்படுகிறது. சின்னச் சின்னப் பிழைகளை அது மறைத்துவிடும். அதனால்தான் எழுதிய அன்று ஒன்றும் தெரிவதில்லை. எங்கள் வெக்கையிலும் கடற்காற்றிலும் சாயம் மெல்ல மெல்ல மங்க, பிழைகள் திருத்தக்கூடிய அளவைத் தாண்டும். அன்றைக்குத்தான் படம் நிற்கும்.

அதே டிரைவில் போட்டுப் பார்த்தது இன்னொரு பிழை. தன் கையெழுத்தைத் தானே வாசிப்பது பெரிய காரியமா?

ஆகவே எழுதுவதற்கு வாங்குவதென்றால் புதியது வாங்குங்கோ. டிரைவின் மேற்பக்க ஸ்டிக்கரில் செய்த மாதமும் வருடமும் இருக்கும். பெட்டியைத் திறந்து அதைப் பாருங்கோ, பெட்டி புதிதாக இருப்பது போதாது. "கொம்போ" என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கோ. அது டிவிடியை வாசிக்கும், எழுதுவது சீடி மட்டுந்தான். கழற்றின டிரைவுகளுக்குள் இது நிறைய வரும்.

வாங்கிய அன்றே ஒரு டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பி எழுதுங்கோ. 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் 4.37 என்றுதான் காட்டும். அது டிஸ்க்கின் குறை அல்ல, எண்ணும் முறை வேறு. எழுதியதை வேறொரு கணினியிலும் ரீவியோடு இருக்கும் பிளேயரிலும் போட்டு, நேரே கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஓட்டிப் பாருங்கோ. முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு எழும்பாதையுங்கோ. இம்க்பேர்ன் போன்ற இலவச மென்பொருளில் எழுதி முடியச் சரிபார்க்கும் தெரிவு இருக்கிறது. அதை நிறுத்தவே கூடாது. இவ்வளவும் முடியும்வரை மூலக் கோப்பில் கைவைக்காதையுங்கோ. கசெற்றை எறியவும் விடாதையுங்கோ.

மெல்லிய யூஎஸ்பி ரைட்டரை முன்பக்கத் துளையில் செருகுவது

இப்போது வரும் கேசிங்குகள் பலவற்றில் டிவிடி டிரைவுக்கான இடமே இல்லை. அப்படியானால் யூஎஸ்பிதான், வேறு வழியில்லை. இடம் இருந்தால் உள்ளே பூட்டுவதையே வாங்குங்கோ. அதற்குப் பவர் சப்ளையில் இருந்து நேரே மின் வரும். பழைய யூஎஸ்பி 2.0 துளை தரும் என்று கணக்கில் உள்ளது 500 மில்லிஅம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போதும் லேசர் சுடும்போதும் சில டிரைவுகள் அதைவிடக் கூடக் கேட்கும். டிரைவ் "கிளிக், கிளிக்" என்று இழுத்து, பாதியில் கணினியில் இருந்து காணாமற் போனால் டிரைவைக் குறைசொல்ல முதல் கேபிளைப் பாருங்கோ. நீட்டு வயரைக் கழற்றி, பின்பக்கத்தில் மதர்போர்ட்டோடு இருக்கும் துளையில் நேரே செருகுங்கோ. இரண்டு தலை வைத்த கேபிள் தந்திருந்தால் இரண்டையும் செருகவேண்டும். ஒரு தலையை மிச்சம் என்று சுருட்டிக் கட்டிவைத்திருப்பதை எத்தனையோ வீட்டில் கண்டிருக்கிறேன். இந்த மெல்லியவை வழமையாக 8எக்ஸுக்கு மேல் எழுதா. அது குறையே இல்லை.

கரண்ட் நின்றாலும் ரைட்டர் காப்பாற்றும் என்று நினைப்பது

காப்பாற்றாது. பெட்டியில் சொல்லும் பாதுகாப்பு, கணினி தரவைப் பிந்தி அனுப்பினால் எழுத்தை நிறுத்தித் தொடர்வதற்கு. கரண்ட் போனால் ஒருமுறை எழுதும் டிஸ்க் போனதுதான். யூபிஎஸ் வையுங்கோ.

புளூ-ரே

அது வேறு வகை டிஸ்க். டிவிடி ரைட்டர் அதை வாசிக்காது.

வெளிநாட்டு டிஸ்க்குக்காக வலயத்தை மாற்றிக்கொண்டே இருப்பது

கடையில் விற்கும் படங்களுக்கு, எந்தப் பகுதி நாடுகளில் ஓடும் என்று குறிக்கும் வலய எண் உண்டு. இலங்கை 5, கனடா 1, ஐரோப்பா 2, அவுஸ்திரேலியா 4. கணினி டிரைவில் வலயத்தை ஐந்து தரம் மாற்றலாம். பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஆடிக்கும் ஒவ்வொரு நாட்டு உறவினர் டிஸ்க்கோடு வரும் வீடுகளில் இது கெதியாக முடிந்துவிடும். நாங்கள் வீட்டில் எழுதும் டிஸ்க்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கனடாவில் ரீவியில் பார்க்க அனுப்புவதென்றால் வீடியோவை என்ரிஎஸ்சி என்ற ரீவி முறையில் செய்யவேண்டும், லண்டனுக்கும் இங்கேயும் பால் (PAL) என்ற முறை. அது மென்பொருளில் தெரிவுசெய்வது, டிரைவை மாற்றி வாங்கத் தேவையில்லை.

எம்-டிஸ்க் கேட்காமல் வாங்குவது

பிள்ளைகளின் பிள்ளைகளுக்கென்று வைக்க நினைப்பவர்கள் இதைக் கேட்கவேண்டும். எம்-டிஸ்க் என்பது நெடுங்காலம் வைக்கவென்று செய்த டிஸ்க். அதில் சாயம் இல்லை, கல்போன்ற கனிமப் படையில் எழுத்து விழுகிறது. எழுதுவதற்குக் கூடுதல் லேசர் வலு வேண்டும் என்பதால் அதற்கென்று சொல்லப்பட்ட ரைட்டரில்தான் எழுதலாம். எழுதிய பிறகு சாதாரண டிவிடி டிரைவே வாசிக்கும். டிரைவின் முகப்பில் அந்தச் சின்னம் இருக்கிறதா என்று கடையில் வைத்தே பாருங்கோ.

பெடியன் அடுத்த நாளே போய்ப் புதியது ஒன்று வாங்கி வந்தான். அக்காவின் வீடியோவை 8எக்ஸில் எழுதி, எங்கள் வீட்டுப் பிளேயரில் போட்டுக் கடைசிக்கு ஓட்டினோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் காரில் ஏறும்வரை நின்று பார்த்தான். பழைய டிரைவை எறியப்போனான், வேண்டாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். வாசிக்க உதவும்.