ஈஸ்ட் வாங்காமல் ரெட் வைன்: கேப் டவுனில் ஒரு வீட்டுச் செய்முறை

டர்பனில் என் பாட்டி மாவாட்டி மூடி வைப்பார், காலையில் பொங்கியிருக்கும். கேப் டவுனுக்கு வடக்கே உள்ள ஸ்வார்ட்லாந்தில் எனக்கு வைன் சொல்லிக்கொடுத்த பெரியவர் வழியும் அதுதான். தொட்டியில் பழத்தைத் தவிர எதுவும் போடமாட்டார். அதை 20 கிலோ பழத்துக்குச் சுருக்கித் தருகிறேன்.

1. பழம்

அறுவடை பிப்ரவரியில். பினோடாஜ் என்ற திராட்சையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட் 1925இல் பினோ நுவாரையும் சின்சோவையும் கலந்து உருவாக்கிய ரகம் அது. மானாவாரிக் கொடியில் காய்த்தது கிடைத்தால் விடாதீர்கள்: பழம் சின்னது, சாறு அடர்த்தி. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வரும். கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்றும் கேளுங்கள். பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எறியுங்கள். மற்றதைக் கழுவ வேண்டாம்.

2. மசித்தல்

காம்பை உதிர்த்து, சுத்தமான 30 லிட்டர் வாளியில் கையால் மசியுங்கள். மிக்ஸி கூடாது, விதை உடைந்தால் கசக்கும். துணியால் இறுக்கி மூடுங்கள். பழ ஈ உள்ளே போனால் வினிகர்தான்.

3. நொதித்தல்

இரண்டு மூன்று நாள் அசைவே இருக்காது. முதல் வருடம் பயந்துபோய்க் கடை ஈஸ்ட்டைக் கொட்டினேன். வைன் கெடவில்லை, ஆனால் அந்தப் பழத்துக்கே உரிய வாசனை வரவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம். பொறுத்திருங்கள். தோலில் ஒட்டியும் காற்றில் மிதந்தும் வந்த ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். நுரை கட்டும், தோல்கள் மேலே எழுந்து ஆடையாய்ப் படியும். ஒரு நாளைக்கு மூன்று முறை அதை உள்ளே அமுக்குங்கள். காய விட்டால் புளித்துவிடும். 30 டிகிரிக்கு மேல் சூடேறினால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். கரியமில வாயு வெளியேற ஜன்னல் திறந்திருக்கட்டும்.

4. பிழிதல்

பத்து நாள் வாக்கில் இனிப்பு மறைந்து, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.000க்குக் கீழே இறங்கும். துணியில் மெதுவாகப் பிழியுங்கள், சக்கையை முறுக்காதீர்கள். சுமார் 12 லிட்டர் தேறும். கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை நிரப்பி, வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத காற்றுப்பூட்டு மாட்டுங்கள்.

5. காத்திருத்தல்

சில வாரங்களில் மறுபடி மெல்லிய குமிழ் வரும். பாக்டீரியா கூர்மையான மாலிக் அமிலத்தைத் தயிரில் உள்ள அதே லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. நாக்கில் புளிப்பு தணியும். வடிகட்ட வேண்டாம். வண்டல் அடியில் தங்கியதும் குழாய் வழியே தெளிவை மட்டும் வேறு ஜாடிக்கு மாற்றுங்கள்.

செப்டம்பரில் புட்டியில் அடைக்கலாம். பெரியவர் அப்போது மட்டும் வைன் கெடாமல் காக்கும் சல்பைட் உப்பு துளி சேர்ப்பார். நானும் சேர்க்கிறேன், இங்கே கோடை கடுமை. ஊற்றும்போது கடைசி விரற்கடை வண்டலோடு புட்டியிலேயே நிற்கட்டும்.