தொப்பூர் ஏற்றத்தில் கார் இழுக்கவில்லையா? இன்ஜின் டியூனிங், அடிப்படையிலிருந்து

சேலத்திலிருந்து தருமபுரி வருகிறீர்கள். தொப்பூர் ஏற்றம் தொடங்கியதும் வண்டி திணறுகிறது, முன்னால் போகும் லாரியைத் தாண்டத் தெம்பு இல்லை. ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் ஒருவர் ஃபில்டரை மாற்றச் சொல்வார், இன்னொருவர் ரீமேப் (இன்ஜினை ஆட்டிவைக்கும் ஈ.சி.யு. கணினியின் புரோகிராமை மாற்றுவது) என்பார். கூட இருக்கும் நண்பர், சைலன்சரை மாற்றினால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்று சத்தியம் செய்வார். மூன்றுக்கும் பணம் வேண்டும். ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த பவர் இன்னும் வண்டியில் இருக்கிறதா என்று மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. நாம் அங்கிருந்து தொடங்கலாம். உதாரணத்துக்கு, நம் பக்கம் தெருவுக்கு நாலு நிற்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்டை வைத்துக்கொள்கிறேன். டர்போ டீசல்காரர்களுக்குக் கடைசியில் தனியாக இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

அந்த இன்ஜினின் 2018 மாடலுக்குக் கம்பெனி சொன்ன அளவு: 6000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) 83 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) பவர், 4200-இல் 113 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் பவர் கிலோவாட்டில் கிடைக்கும். 4200-இல் போட்டுப் பாருங்கள்: 50 கிலோவாட், அதாவது சுமார் 68 பி.எஸ். இதே இன்ஜினை நான்காவது கியரில் 2500-இல் வைத்துக்கொண்டு மிதித்தால், டார்க் 100 வந்தால்கூட 36 பி.எஸ். தாண்டாது. பாதிக்குப் பாதி திணறல் இதுதான். ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கி 4000 பக்கம் ஓட்டுவது இன்ஜினைக் கெடுக்காது, குறைந்த ஆர்.பி.எம்.மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து முனக விடுவதுதான் கெடுக்கும். இதற்குப் பைசா செலவில்லை.

அப்புறம் நம் ஊர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் பவரை இழக்கும். தருமபுரி 450 மீட்டருக்கு மேலே, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. ஆகவே ஓசூரில் அந்த 83 என்பது 75 பக்கம்தான். இன்ஜினுக்குள் போகும் காற்று 10 டிகிரி கூடினால் இன்னொரு 3 சதவீதம் போகும். சித்திரை வெயிலில் ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு "போன வருஷம் இழுத்தது, இப்போ இழுக்கல" என்றால் பாதிக் காரணம் வானத்தில் இருக்கிறது.

படி 1: அளவெடுங்கள்

புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகினால், போனில் உள்ள செயலி இன்ஜின் கணக்கையெல்லாம் காட்டும், பதிவும் செய்யும். விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத, சமமான, நேரான சாலையில் மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 80 தொட எத்தனை நொடி என்று பதிவு செய்யுங்கள். எதிர்த்திசையிலும் அதேபோல். இரண்டின் சராசரிதான் உங்கள் அளவு. ஏ.சி. அணைந்திருக்க வேண்டும், டயர் காற்று, வண்டியில் ஆட்கள், பெட்ரோல் எல்லாம் அடுத்த முறையும் ஏறக்குறைய அதே அளவு இருக்க வேண்டும். போனை ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. தொப்பூரில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

அரை நொடிக்கும் குறைவான மாற்றத்தை நம்பாதீர்கள். காற்றும் கண்ணுக்குத் தெரியாத சரிவும் சேர்ந்தே அவ்வளவு ஆட்டிவிடும்.

படி 2: மேப் சென்சார் என்ன சொல்கிறது?

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. பல பெட்ரோல் கார்களில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) இருக்கும் காற்றழுத்தத்தை மேப் சென்சார் அளக்கிறது. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் அந்த எண்ணைப் பாருங்கள். அது ஊரின் காற்றழுத்தம். தருமபுரியில் 95, 96 கிலோபாஸ்கல் காட்டும். ஓசூரில் 91 பக்கம் வரும்.

இனி முதல் படியில் பதிவு செய்த ஓட்டத்தைத் திறந்து, முழு ஆக்சிலரேட்டரில் 4000 ஆர்.பி.எம். நெருங்கும்போது அதே எண் என்ன என்று பாருங்கள். 96 இருந்த இடத்தில் 93, 94 என்றால் காற்று தாராளமாக உள்ளே போகிறது. 90-க்குக் கீழே விழுந்தால் எங்கேயோ மறிக்கிறது: அடைத்த ஏர் ஃபில்டர், கரி படிந்த த்ராட்டில் பாடி (ஆக்சிலரேட்டருக்கு ஏற்பத் திறந்து மூடிக் காற்றை விடும் தட்டு உள்ள பகுதி), அல்லது பெடல் மிதித்தும் முழுதாகத் திறக்காத த்ராட்டில்.

விலை உயர்ந்த கூம்பு ஃபில்டர் வாங்கலாமா என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. 96-இல் 94 வருகிறது என்றால், உலகத்திலேயே சிறந்த ஃபில்டரைப் போட்டாலும் மீட்க மிச்சம் இருப்பது அந்த 2 மட்டுமே. சுமார் 2 சதவீதம். அதற்காகப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த ஃபில்டரை மாட்டினால், அது ரேடியேட்டர் பக்கத்துச் சுடுகாற்றை உறிஞ்சி அந்த 2-ஐயும் தின்றுவிடும். இன்னொரு விஷயமும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குவாரியும் கிரஷரும் இருக்கும் சாலைகளில் ஓடும் வண்டிக்குள் போவது சாதாரண மண் தூசி இல்லை, கிரானைட் பொடி. கொஞ்சம் உள்ளே போனாலும் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். இந்தப் பக்கத்துக்கு ஒரிஜினல் பேப்பர் ஃபில்டர்தான் சரி. சர்வீஸ் புத்தகம் சொல்வதற்கு முன்பே மாற்றுங்கள்.

படி 3: பிளக்கும் கம்ப்ரஷனும்

இன்ஜினை நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் கனெக்டரைக் கழற்றி, காயிலை எடுத்தவுடன் பிளக்கை அவிழ்க்கப் போகாதீர்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தூசி இருக்கும்; காற்றடித்து அதை வெளியேற்றிய பிறகே ஸ்பேனர். இல்லையென்றால் ஃபில்டர் இத்தனை நாள் தடுத்ததை நாமே சிலிண்டருக்குள் கொட்டியதாகிவிடும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையில் ஒரு துணி மேல் அடுக்குங்கள். முனை வெளிர் காப்பிப் பழுப்பில் இருந்தால் நல்லது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ வேலை கேட்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நான்கில் ஒன்று மட்டும் மாறித் தெரிந்தால், அந்தச் சிலிண்டரைத்தான் துருவ வேண்டும்.

பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பார்த்துவிடலாம். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஷன் கேஜை ஒரு பிளக் துளையில் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நான்கிலும் இப்படியே. நல்ல பெட்ரோல் இன்ஜினில் 150-லிருந்து 190 பி.எஸ்.ஐ. வரை வரலாம். எண்ணைவிட முக்கியம் வித்தியாசம்: அதிகமானதற்கும் குறைவானதற்கும் 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஒன்று குறைந்தால் அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த இடத்தில் தோற்ற இன்ஜினுக்கு ரீமேப், ஃபில்டர், சைலன்சர் எதுவும் பேச வேண்டாம். பணத்தை இன்ஜின் வேலைக்கு எடுத்து வையுங்கள்.

புது பிளக்கைக் கையாலேயே முழுதாகத் திருகுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய செலவு. கேஸ்கெட் உள்ள புது பிளக் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று கொஞ்சம் தாண்டினால் போதும். இரிடியம் பிளக்கின் முனையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்.

படி 4: ஃபியூயல் ட்ரிம்

ஸ்கேனரில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு ட்ரிம் இருக்கும். பெட்ரோலைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன் என்று ஈ.சி.யு. போட்டு வைக்கும் கணக்கு அது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. பத்துக்கு மேல் பிளஸ் என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஐடிலில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுகையில்) அதிகமாக இருந்து 2500-இல் குறைந்தால் எங்கோ வேக்குவம் குழாயில் காற்று கசிகிறது. லோடு ஏற ஏற அதிகமானால் பம்ப் அல்லது பெட்ரோல் ஃபில்டர்.

ஒரு எச்சரிக்கை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இதற்கு 13.5 பக்கம் போதும். ஆகவே பழைய வண்டியில் ட்ரிம் சில சதவீதம் பிளஸில் நிற்பது நோய் இல்லை.

த்ராட்டில் பாடியைக் கழுவ அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயும் துணியும் போதும். எலக்ட்ரானிக் த்ராட்டில் தட்டைக் கையால் அழுத்தித் திறக்காதீர்கள். ஆயில், புத்தகத்தில் உள்ள கிரேடு. கெட்டி ஆயில் ஊற்றினால் பழைய வண்டிக்கு நல்லது என்பது கதை.

இவ்வளவும் முடித்துவிட்டு முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள். பராமரிப்பு விட்டுப்போன வண்டியில் கிடைக்கும் முன்னேற்றம், டர்போ இல்லாத இன்ஜினுக்கு எந்த ரீமேப்பும் தருவதைவிட அதிகம் என்பது என் கருத்து. ரீமேப் அங்கே 5, 8 சதவீதத்தில் நின்றுவிடும். சைலன்சர் மாற்றினால் சத்தம் நிச்சயம், பவர் சந்தேகம்.

பவர் கூட்டும் முன் பிரேக்

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அதே தொப்பூர் இறக்கம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் கூடாது.

டர்போ டீசல், ரீமேப், சட்டம்

ரீமேப்புக்கு உண்மையில் அர்த்தம் உள்ள இடம் டர்போ டீசல். 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசல் கம்பெனியில் 75 பி.எஸ்., 190 நியூட்டன் மீட்டர். பூஸ்ட்டும் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) டீசலும் கூட்டினால் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றலாம். கடையில் மூன்று விஷயம் கேளுங்கள்: பழைய ஃபைலின் நகல் எனக்குத் தருவீர்களா? ஒரே டைனோவில் (பவர் அளக்கும் மேடை) முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவீர்களா? முழு லோடில் புகை வராதா? கறுப்புப் புகை கக்கும் ரீமேப் நல்ல ரீமேப் இல்லை. பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிப்படி வந்த) வண்டியில் டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கழற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜினையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் வினை வரும். வேகம் பார்க்கும் ஆசை இருந்தால் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

ரீமேப்புக்குத் தேதி குறிக்கும் முன் கிளட்ச்சைப் பாருங்கள். ஐந்தாவது கியரில் 50-இல் போய் முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் சட்டென ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் ஏற்கெனவே நழுவுகிறது. கூடும் டார்க்கை அது தாங்காது. கிளட்ச் செட்டை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டிப் பதியவிட்டு, அதற்கப்புறம் கடைக்குப் போன் போடுங்கள்.